பழைய பாட்டரியின் விஷம் யார் கணக்கில்?

சங்ககிரி என்றால் லாரி. தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். சேலத்திலிருந்து கோவைக்குப் போகிற ரஸ்தாவில் லாரிப் பட்டறைகளும் டயர் கடைகளும் பாட்டரிக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. பக்கத்திலே திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். பள்ளிபாளையம், குமாரபாளையம், இடைப்பாடிப் பக்கம் விசைத்தறிகள். கரண்டு போனால் விளக்கெரிய வீடுதோறும் இன்வெர்ட்டர். இவை அத்தனைக்கும் பாட்டரி வேண்டும். ஒரு லாரிக்கு 24 வோல்ட் தேவை. ஆகவே 12 வோல்ட் பாட்டரி இரண்டு.

இத்தனை பாட்டரிகளும் சில வருஷங்களில் செத்துப் போகின்றன. செத்த பாட்டரி எங்கே போகிறது? அதை உடைப்பது யார்? உடைக்கிற இடத்தில் கிளம்புகிற விஷத்துக்குப் பொறுப்பாளி யார்?

இது லாரி முதலாளியின் கவலைதானே, மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. மில்லில் ஆள்குறைப்பு வந்தால் வெளியே தள்ளப்படுகிறவன் போய்ச் சேருகிற இடங்களில் பாட்டரி உடைக்கும் கொட்டகையும் ஒன்று. காட்டு வேலை இல்லாத மாதங்களில் கூலி தேடிப் போகிறவனுக்கும் அதே கொட்டகைதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கொட்டகையின் புகை படிகிற சோளத்தட்டை மேய்வது நம் மாடு. அந்த மண்ணில் விளையாடுவது நம் குழந்தை. ஆகவே இந்தக் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பாட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லாரியிலும் இன்வெர்ட்டரிலும் இருப்பது காரீயமும் கந்தகத் திராவகமும் சேர்ந்த பாட்டரி. ஈயம் என்றதும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். இது காரீயம், கொடிய விஷம். முப்பது நாற்பது கிலோ கனக்கிற லாரி பாட்டரியில் பாதிக்கு மேல் காரீயந்தான். உலகத்தில் உபயோகமாகும் காரீயத்தில் நூற்றுக்கு 85 பங்கு பாட்டரிக்கே போகிறது என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் கணக்குச் சொல்லியிருக்கிறது.

காரீயத்துக்கு ஒரு குணம் உண்டு. 327 டிகிரிச் சூட்டிலேயே உருகிவிடும். இரும்பை உருக்கப் பெரிய உலை வேண்டும். பாட்டரி பிளேட்டில் இருக்கிற காரீயத்தை உருக்கக் கொஞ்சம் கரியும் ஒரு ஊதுலையும் ஒரு இரும்புச் சட்டியும் போதும். எத்தனை முறை உருக்கினாலும் காரீயம் காரீயமாகவே இருக்கும், விலையும் குறையாது. அதனால்தான் செத்த பாட்டரிக்கும் கிராக்கி இருக்கிறது.

இனி அது போகும் வழியைப் பாருங்கள். லாரிக்காரர் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குகிறார். பழையதற்கு ஒரு தொகை கழிகிறது. கடைக்காரர் அதைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாம். அல்லது கூடுதலாகக் காசு தருகிற வியாபாரிக்குத் தள்ளிவிடலாம். காயலான் கடைக்கு வருகிற பாட்டரியும் அந்த வியாபாரியிடமே போய்ச் சேருகிறது. அவனிடமிருந்து உடைக்கிற கொட்டகைக்கு. அங்கே கோடாலியால் பெட்டியைப் பிளக்கிறார்கள். திராவகம் மண்ணில் ஓடுகிறது. பிளாஸ்டிக்கு ஒரு பக்கம், பிளேட்டு ஒரு பக்கம். பிளேட்டு உலைக்குப் போகிறது. கட்டியாக வார்த்த காரீயம் கை மாறி, இன்னும் பெரிய உலையில் சுத்தமாகி, கடைசியில் மறுபடியும் ஒரு பாட்டரிக்குள் போய் உட்காருகிறது. ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது!

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒரு லாபம் ஒட்டிக்கொள்கிறது. கம்பெனிக்கு மலிவான காரீயம். கடைக்காரருக்குக் கமிஷன். வியாபாரிக்கு இடை லாபம். கோடாலி பிடித்தவனுக்கு? அன்றாடக் கூலியும், ரத்தத்திலே காரீயமும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு வந்துவிட்டன.

முதல் விதிகளை மத்திய சர்க்கார் 2001-ல் கொண்டுவந்தது. பாட்டரி செய்கிறவனும் இறக்குமதி செய்கிறவனும் தான் விற்ற எண்ணிக்கைக்கு ஏற்பப் பழைய பாட்டரியைத் திரும்பச் சேகரிக்க வேண்டும். முதல் வருஷம் நூற்றுக்கு 50, இரண்டாம் வருஷம் 70, மூன்றாம் வருஷம் முதல் 90. கடைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டு விலையில் கழித்துக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டரிகள் கொட்டகைக்குப் போவது நிற்கவில்லை. காரணம் மிக எளிது. கொட்டகை அதிக விலை தந்தது.

கொட்டகைக்கு அதிக விலை எப்படிக் கட்டுபடியாகிறது? இதுதான் விஷயத்தின் முடிச்சு. ஒழுங்காக நடக்கிற உருக்காலை புகையை வடிகட்டச் சாதனம் வைக்க வேண்டும். திராவகத்தைச் சேகரித்து விஷம் முறிக்கத் தொட்டி கட்ட வேண்டும். தொழிலாளிக்கு முகமூடி, கையுறை, குளிக்கும் அறை, மாற்றுத் துணி, ரத்தப் பரிசோதனை, இ.எஸ்.ஐ. எல்லாம் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் செலவு. கொட்டகைக்காரனுக்கு இதில் ஒரு காசு செலவில்லை. அப்படி மிச்சமாகும் பணத்தில்தான் அவன் பாட்டரிக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டித் தருகிறான். அந்த இரண்டு ரூபாய் யாருடைய பணம்? தொழிலாளியின் எலும்பிலிருந்தும் ஊர்க் கிணற்றிலிருந்தும் எடுத்த பணம். அது கடைசியில் மலிவான காரீயமாக மேலே ஏறிப் போகிறது. லாபம் மேலே ஏறுகிறது. விஷம் கீழே இறங்குகிறது.

இரண்டாவது விதிகள் 2022 ஆகஸ்டில் வந்தன. பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் என்று பெயர். 2001 விதிகளின் இடத்தில் இவை வந்திருக்கின்றன. லாரி பாட்டரி, இன்வெர்ட்டர் பாட்டரி, கைக்கடிகாரச் சில்லு, மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பாட்டரி என எல்லா வகைக்கும் இவை பொருந்தும். இவற்றில் யாருக்கு என்ன கடமை என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்வது நல்லது.

முதற் கடமை உற்பத்தியாளனுக்கு. செய்து விற்கிறவன் மட்டுமல்ல, இறக்குமதி செய்கிறவனும், வேறொருவன் செய்ததைத் தன் பெயர் ஒட்டி விற்கிறவனும் இந்தப் பெயருக்குள் வருவான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அவன் பதிவு செய்ய வேண்டும். சந்தையில் விட்ட அளவுக்குத் தக்கபடி பழையதைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவனுடையது. இதைச் சட்டம் நீட்டித்த உற்பத்தியாளர் பொறுப்பு என்று சொல்கிறது. நம் பாஷையில் சொன்னால், செய்து விற்றவனே செத்ததையும் தூக்க வேண்டும்.

உபயோகிக்கிறவர் கடமை, பாட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் பிரித்து, முறையாகச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது. மறுசுழற்சி ஆலைகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அவற்றைச் சோதிக்கிற வேலை வாரியத்துக்கு. பாட்டரியைக் குப்பைக்குழியில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை. கடமை தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும்.

செய்து விற்றவனே பொறுப்பு என்ற கொள்கை நியாயமானது. அதை நாம் வரவேற்கிறோம். லாபம் எங்கே சேருகிறதோ அங்கேயே பொறுப்பும் சேர வேண்டும் என்பது உழைக்கும் மக்களின் பழைய கோரிக்கை. ஆனால் கொள்கை வாசலில் நிற்கிறது. ஓட்டை கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

முதல் ஓட்டை, சான்றிதழ் வியாபாரம். உற்பத்தியாளன் தானே பாட்டரியைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி ஆலை இத்தனை டன் உருக்கினேன் என்று சான்றிதழ் பெறும். அதைக் காசு கொடுத்து வாங்கினால் உற்பத்தியாளன் கடமை தீர்ந்தது. டன் கணக்கு சரியாகிவிடும். அந்த டன் எந்தக் கொட்டகை வழியாக வந்தது, எந்தக் கை அதைப் பிளந்தது என்று சான்றிதழ் பேசாது. இதே முறை நடக்கிற பிளாஸ்டிக் கழிவில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் இருப்பது 2023-ல் மத்திய வாரியத்தின் சோதனையிலேயே அம்பலமாயிற்று. பாட்டரியில் மட்டும் காகிதம் யோக்கியமாக நடந்துகொள்ளும் என்று நம்ப என்ன ஆதாரம்?

இரண்டாவது, அபராதத்தைத் திருப்பித் தருகிற தாராளம். கடமை தவறி இழப்பீடு கட்டிய உற்பத்தியாளன், ஒரு வருஷத்துக்குள் பாக்கியை நிறைவேற்றினால் நூற்றுக்கு 75 திரும்பக் கிடைக்கும். இரண்டாம் வருஷம் என்றால் 60. மூன்றாம் வருஷம் என்றால் 40. பஞ்சாலைத் தொழிலாளி ஒரு நாள் வராவிட்டால் பிடித்த கூலியில் முக்கால் பங்கை எந்த முதலாளியாவது திருப்பித் தந்தது உண்டா?

மூன்றாவது ஓட்டைதான் எல்லாவற்றிலும் பெரிது. உற்பத்தியாளர், உபயோகிப்பவர், சேகரிப்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர், வாரியங்கள் என்று இந்த விதிகள் ஒவ்வொருவர் கடமையையும் தனித்தனித் தலைப்பில் வகுக்கின்றன. தொழிலாளி என்ற தலைப்பு அங்கே இல்லை. எத்தனை டன் காரீயம் மீட்டார்கள் என்று அளக்கிறார்கள். எத்தனை பேர் ரத்தத்தில் காரீயம் ஏறியது என்பது இலக்குப் பட்டியலில் கிடையாது.

காரீயம் மனிதனை என்ன செய்யும்? உடனே விழுத்தாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தச்சோகை, கை தளர்ச்சி, சதா அசதி என்று மெல்ல மெல்லப் பிடிக்கும். ரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பிலே தங்கிவிடும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். 2021-ல் மட்டும் உலகத்தில் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சாவுக்குக் காரீயம் காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்றும் அது கூறுகிறது. வயிற்றுக்குள் போகிற காரீயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நாலைந்து மடங்கு அதிகமாக உடம்பில் ஏற்றுக்கொள்கின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். குன்றியது திரும்ப வராது. அப்பன் சட்டையில் ஒட்டி வந்த தூசியே பிள்ளைக்குப் போதும். படிப்பு ஏறாத பிள்ளையை மக்கு என்று வாத்தியார் அடிப்பார். அதன் ரத்தத்தில் இருப்பது என்ன என்று யார் பார்த்தார்கள்?

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகர் டாக்கருக்குப் பக்கத்தில் தியாரோய் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே பல வருஷங்களாகப் பழைய பாட்டரி உடைத்து மண்ணெல்லாம் காரீயம் கலந்துவிட்டது. காரீய விலை ஏறியபோது ஏழைப் பெண்கள் அந்த மண்ணைத் தோண்டி, சலித்து, விற்றார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் செத்தார்கள். அந்தக் காரீயத்தை வாங்கிய கைகள் எங்கேயோ இருந்தன. குழந்தைகளைப் புதைத்த கைகள் அங்கேயே இருந்தன. செனகல் தூரத்தில் இருக்கிறது. ஆனால் காரீயத்தின் குணம் டாக்கரிலும் சங்ககிரியிலும் ஒன்றுதான்.

பணக்கார நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு பாட்டரிச் சட்டம் போட்டது. பெரிய கம்பெனிகள் தங்கள் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, அங்கே குழந்தைகளை வேலை வாங்குகிறார்களா, தொழிலாளி உயிருக்குப் பாதுகாப்பு உண்டா என்று சங்கிலியின் அடிவரை விசாரிக்க வேண்டும் என்றது. காங்கோ நாட்டின் கோபால்ட்டுச் சுரங்கங்களில் குழந்தைகள் உழைப்பதை ஆம்னஸ்டி சர்வதேச மன்றம் 2016-ல் வெளிப்படுத்தியதும், அதைத் தொடர்ந்து எழுந்த கண்டனமும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் பாருங்கள்: விசாரிக்க வேண்டிய பொருள்கள் கோபால்ட்டு, லித்தியம், நிக்கல், இயற்கைக் கிராஃபைட்டு என்று நாலே நாலு. நம்மவர் உடைக்கிற காரீயம் அந்த நாலில் இல்லை. அந்தக் கடமையும் 2025 ஆகஸ்ட் 18-ல் அமலாக வேண்டியது. 2027 ஆகஸ்ட் 18-க்குத் தள்ளிவிட்டார்கள். முதலாளிகளுக்கு அவகாசம் வேண்டுமாம்! விஷத்துக்கு அவகாசம் தேவையில்லை. அது தினமும் வேலைக்கு வருகிறது.

இங்கே சிலர் ஒரு கேள்வி எழுப்புவார்கள். கொட்டகைகளைப் போலீசை விட்டு இடித்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீராது. இன்று இந்த ஊரில் இடித்தால் நாளை அடுத்த ஊரில் எழும்பும். அங்கும் கோடாலி பிடிப்பவன் ஒரு ஏழைதான். வேலை இழந்தவனுக்கு வேறு வழி காட்டாமல் உலையை மட்டும் அணைப்பது அரைகுறை நியாயம். காயலான் கடைக்காரரும் சைக்கிளில் பழைய சாமான் எடுப்பவரும் நம் விரோதிகள் அல்லர். அவர்களைச் சங்கிலியின் முறையான கண்ணியாக்கி, பதிவும் கமிஷனும் கொடுத்து, பாட்டரியை உடைக்காமல் முழுதாகச் சேர்க்கிற வேலையைத் தர முடியும். உடைக்கிற வேலை பாதுகாப்புள்ள ஆலைக்குள் மட்டும் நடக்கட்டும். அந்த ஆலையில் வேலைக்கு முதல் உரிமை கொட்டகைத் தொழிலாளிக்கே இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது, பாட்டரி விலை ஏறிவிடாதா என்று இன்னொரு கேள்வி வரும். செலவு இன்றைக்கும் இருக்கிறது தோழர்களே. அதை ஆஸ்பத்திரியில் கூலிக்காரன் கட்டிக்கொண்டிருக்கிறான். பில்லில் எழுதாத செலவு செலவில்லை என்று ஆகிவிடாது. அதைக் கம்பெனியின் கணக்கில் எழுதச் சொல்கிறோம், அவ்வளவே.

நம் கையில் ஏற்கெனவே சில ஆயுதங்களும் உண்டு. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், சர்க்காருக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் காரீய விஷத்தை முதலாவதாக வைத்தது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும் காரீய விஷம் முதலாவதாகவே நிற்கிறது. நோயைக் கண்ட மருத்துவர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையால் வந்த காரீய நோய்க்கு இழப்பீடு கேட்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் புதிய தொகுப்புச் சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது. மின்சாரம் கொண்டு நடக்கிற இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 என்று உயர்த்திவிட்டது. பத்துப் பதினைந்து பேரை வைத்து உருக்குகிறவன் தொழிற்சாலை என்ற பெயரிலிருந்தே தப்பித்துக்கொள்ளலாம். அபாயமான தொழில் என்று அறிவித்து, ஆள் எண்ணிக்கை பாராமல் சட்டத்தைப் பாய்ச்ச மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. காரீய உருக்குக்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்து என்று கேட்பது நம் கோரிக்கைகளில் முன்னே நிற்க வேண்டும்.

மற்றக் கோரிக்கைகள் இவை. பாட்டரி விற்கும்போதே ஒரு முன்பணம் பிடித்து, பழையதை ஒப்படைத்ததும் திருப்பித் தர வேண்டும். இதற்கு 2022 விதிகளிலேயே இடம் இருக்கிறது, கம்பெனிகளின் விருப்பத்துக்கு விடாமல் கட்டாயமாக்க வேண்டும். அந்தத் தொகை, கொட்டகை கூட்டித் தருகிற காசைவிடப் பெரிதாக இருந்தால் பாட்டரி தானாகவே நேர்வழியில் போகும். சான்றிதழ் கொடுக்கும் ஆலை, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் ரத்தப் பரிசோதனைக் கணக்கையும் பெயரை மறைத்து வெளியிட வேண்டும். அது இல்லாத சான்றிதழ் செல்லக்கூடாது. கம்பெனிகளிடம் வாங்குகிற இழப்பீட்டிலிருந்து பாதிக்கப்பட்ட ஊர்களின் மண்ணையும் கிணற்றையும் சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

கோரிக்கை எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் ஆகாது. லாரித் தொழிலாளர் சங்கத் தோழர்கள், பழைய பாட்டரிக்குப் பில் வாங்குவதைப் பட்டறைதோறும் வழக்கமாக்கலாம். மில் சங்கத் தோழர்கள், தங்கள் மில்லின் பழைய பாட்டரிகள் யாருக்குப் போகின்றன என்று நிர்வாகத்தைக் கேட்கலாம். உபயோகிக்கிறவர் கடமை மில் முதலாளிக்கும் உண்டு. காரீய வேலைக்குப் போகிறவர்கள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ தங்கள் தொழிலைச் சொல்லி ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயிற்றுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. வேலைத் துணியோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. விவசாயத் தொழிலாளர் சங்கம், ஊரில் புகைகிற உலையைப் பற்றிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். நம் மே தினத்தன்றே கிராம சபை கூடுகிறது. அதைவிடப் பொருத்தமான நாள் வேறு உண்டா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டிகளின் லித்தியம் பாட்டரிகளும் ஒருநாள் மலைபோல் வந்து குவியும். காரீயத்தில் இன்று கணக்கை நேர் செய்யாவிட்டால், நாளைக்கு அந்தக் குவியலின் முன்னாலும் நம் பிள்ளைகளே கோடாலியோடு நிறுத்தப்படுவார்கள்.

சங்கிலி எவ்வளவு நீளமானாலும் அதன் மேல் முனையைப் பிடித்திருப்பவன் ஒருவன் உண்டு. லாபத்தை எண்ணுகிற கை அவனுடையது. விஷத்துக்கும் அவனையே பதில் சொல்ல வைப்போம். அதற்குச் சட்டம் ஒரு கதவைப் பாதி திறந்திருக்கிறது. மீதிப் பாதியைத் திறக்கும் பலம் சங்கமாகத் திரண்ட கைகளுக்குத்தான் உண்டு.